பாரிமுனைக் கட்டடம் சொல்லும் பாடம்



சென்னையில் பஸ் கண்டக்டர் "பாரிஸ், பாரிஸ்"னு கூவியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிரான்ஸ் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1788-ல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரின் பெயர்தான் அது. தமிழில் பாரிமுனை.

என்.எஸ்.சி. போஸ் சாலையும் ராஜாஜி சாலையும் சந்திக்கும் அந்த முனையில் 'டேர் ஹவுஸ்' நிற்கிறது. பாரியின் பங்குதாரர் டேர் பெயரில் 1940-ல் கட்டி முடித்தது. இப்போது முருகப்பா குழுமத்தின் தலைமை அலுவலகம். எதிரே 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம். சிவப்புச் செங்கல், குவிமாடங்கள், எங்கு பார்த்தாலும் வேலைப்பாடு!

"இவ்வளவு அழகான கோர்ட்டுக்கு எதிரில் இந்தப் பெட்டி எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "நல்லா பாரு"ன்னு மட்டும் சொன்னார். பார்த்ததில் புரிந்தவை:

1. கோர்ட்டைக் காப்பி அடிக்கவில்லை. நேர்கோடுகள், குறைந்த அலங்காரம். இது 'ஆர்ட் டெக்கோ', அந்தக் காலத்துப் புதுப் பாணி.

2. முனைக் கட்டடத்துக்கு இரண்டு தெருவிலும் முகம் வேண்டும். இதில் எந்தப் பக்கமும் வெறும் முதுகு இல்லை.

3. உயரத்தில் போட்டி இல்லை. கோர்ட்டின் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அந்தக் கோபுரம்தான் இன்றும் உயரம்.

மும்பையிலும் இப்படித்தான். ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், மறுபக்கம் ஆர்ட் டெக்கோ வீடுகள். 2018-ல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அன்று புதுசாக வந்ததுதான் இன்று பாரம்பரியம்!

இதை ஏன் பாலக்கோட்டில் எழுதுகிறேன்? எங்க தெருமுனையில் திண்ணை வைத்த ஓட்டு வீட்டை இடிச்சிட்டாங்க. கடை வரப்போகுது. பாட்டிக்கு ரொம்ப வருத்தம், எனக்கும்தான். ஆனால் புதுசே கட்டக் கூடாதுன்னு சொல்ல முடியுமா? வருகிற கட்டடம் இரண்டு தெருவையும் பார்க்கட்டும், பக்கத்து வீடுகளை அமுக்காமல் நிற்கட்டும், மழைக்கு ஒதுங்க ஒரு சன்ஷேடாவது வைக்கட்டும். அதுதான் என் ஆசை.

செய்து பாருங்கள்: உங்கள் தெருமுனைக் கட்டடத்தை இரண்டு பக்கமும் நின்று வரையுங்கள். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு? படத்தை இந்தப் பலகையிலேயே ஒட்டுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி