உண்ணியை நசுக்காதீர்கள்



ஆடு, மாடு உள்ள வீட்டில் உண்ணி புதிதல்ல. கண்ணில் பட்டதும் பிடுங்கி, நகத்தால் நசுக்கிவிடுவோம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கி, குர்பானி ஆட்டை வாசலில் கட்டிவிட்டால் பிள்ளைகளுக்கும் அது ஒரு விளையாட்டு. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இம்மாதம் சொல்ல வந்தோம்.

1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் கடும் காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். புனே வைரஸ் ஆய்வு மையத்தார் ஆராய்ந்தபோது, உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அதிலுள்ள உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே பரவிக் கிடக்கும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்கள் மீது ஏறும். ஆண்டுக்கு 400 முதல் 500 பேரைத் தாக்கும் இந்தக் 'குரங்குக் காய்ச்சல்', நூற்றில் 3 முதல் 5 பேரின் உயிரைப் பறிக்கிறது. 2012-ல் பந்திப்பூர் வரை வந்தது. அங்கிருந்து முதுமலைக்கு நடுவே இருப்பது மாநில எல்லைக் கோடு மட்டுமே.

ஆடு, மாடுகளோடு பழகும் நமக்கு இன்னும் நெருக்கமானது கிரிமியன்–காங்கோ காய்ச்சல். 2011 ஜனவரியில் குஜராத்தின் சானந்த் பகுதியில் ஒரு பெண்மணி இதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் அடுத்தடுத்து இறந்தார்கள். கிருமி இருக்கும் ஆடு நோயில்லாதது போலவே நிற்கும். உண்ணி கடித்தாலும், அதை வெறுங்கையால் நசுக்கினாலும், அறுக்கும்போது இரத்தம் கைக் காயத்தில் பட்டாலும் தொற்றக்கூடும். நன்றாக வெந்த இறைச்சியால் ஆபத்தில்லை. எனவே குர்பானிக்குப் பயம் வேண்டாம். அறுப்பவருக்கும் தோல் உரிப்பவருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தால் போதும். பெருநாள் செலவில் அது ஒரு செலவே அல்ல.

நம் மாவட்டத்தில் இந்த நோய்கள் பரவிவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலும் குரங்குகள் உண்டு, மேய்ச்சல் உண்டு. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளில் வேலை குறையும் நாட்களில் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் போகும் குடும்பங்களும் உண்டு. செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சியால் சுடுவது நம் ஊர் வைத்தியம் (தீப்பெட்டிக்குத்தான் பஞ்சமில்லையே!). சுட வேண்டாம், மண்ணெண்ணெயும் ஊற்ற வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'உண்ணி கடித்தது', 'காட்டுக்குப் போனேன்', 'ஆடு அறுத்தேன்' என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் புதர்ச்செடிகளில் உள்ள நுண்ணிய பூச்சி கடித்தே வருகிறது. அது வைரஸ் அல்ல, மாத்திரைக்குக் கட்டுப்படும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கலாம். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருந்தால், கூச்சப்பட்டு மறைக்காமல் காட்டுங்கள்.