பிள்ளை யாருக்கு என்பதும், பிள்ளைக்கு எது நன்மை என்பதும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், தை பிறந்தது முதல் ஐப்பசி மழை இறங்கும் வரையில் வெயிலையே முதலாகக் கொண்டு உப்பு விளைவிக்கும் மரக்காணத்திலும், அதனை அடுத்த மீனவர் குப்பங்களிலும், மனம் ஒவ்வாமல் பிரிந்து வாழும் தம்பதிகள் இல்லாமல் இல்லை. அவர்களுடைய குழந்தைகளின் கதி என்ன என்ற கேள்வி எழும்போதோ, ஊர்ப் பெரியவர்களும் உறவினரும் சட்டம் இன்னதுதான் சொல்லுகிறது என்று வெகு உறுதியாகப் பேசிவிடுகிறார்கள். அந்த உறுதியில் பெரும்பகுதி தவறான அபிப்பிராயமாக இருப்பதனாலேயே, நியாயம் கேட்கப் போகவேண்டியவர் போகாமல் நிற்கிறார். இணங்கிப் போகவேண்டியவர் வீம்பாக வழக்காடுகிறார். இரண்டினாலும் வாடுவது குழந்தை. ஆகையால் அத்தகைய நம்பிக்கைகளில் ஐந்தை இங்கே எடுத்து ஆராய்வோம்.

நம்பிக்கை: பிள்ளை அப்பனுக்கே சொந்தம், தாய்க்குக் கேட்கப் பாத்தியதை இல்லை.

உண்மை: 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், தன் 6ஆம் பிரிவில் தந்தையை முதலிலும் தாயை அவருக்குப் பின்னும் இயற்கைக் காப்பாளராகக் குறிப்பிடுவதே இந்த எண்ணத்துக்கு மூலம். ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, மைனரின் க்ஷேமமே பிரதானம் என்று விதித்திருப்பதைப் பலர் அறியார். தந்தை உயிரோடிருக்கும்போதே, அவர் குழந்தையைக் கவனியாமல் விலகியிருப்பாராயின், தாய் காப்பாளராகலாம் என்று 1999ஆம் ஆண்டில் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதற்கு வெகு காலம் முன்பே, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று 1973ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் பயன்படும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், அவரவர் தனிச் சட்டத்தை மனத்திற் கொண்டே, மைனரின் நலத்தை நாடும்படி நீதிபதியைப் பணிக்கிறது. வரப்பிட்டு இன்னாருக்கு இத்தனை பாத்தி என்று உப்பளத்தைப் பிரிப்பது போலக் குழந்தையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

நம்பிக்கை: ஐந்து வயது வரையில் தாயிடம், அது முடிந்த மறுநாளே தந்தையிடம்.

உண்மை: ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பராமரிப்பில் இருக்கவேண்டும் என்பது வரையில் சரியே. அத்தகைய குழந்தையைத் தாயிடம் விடலாகாது என்று வாதிப்பவர்தாம் அதற்குரிய காரணத்தை நிரூபிக்கவேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டில் ரொக்ஸான் சர்மா வழக்கின் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. ஆனால் ஐந்து நிரம்பியவுடன் குழந்தை தானாகவே கைமாறவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பொழுதும் நலம் ஒன்றே அளவுகோல்.

நம்பிக்கை: கூலி வேலை செய்பவருக்குப் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள், சம்பாதிப்பவர் பக்கமே தீர்ப்பு.

உண்மை: உப்பளத் தொழிலாளர் குடும்பங்களை மிகவும் அச்சுறுத்துவது இந்த நம்பிக்கையே. மழை மாதங்களில் வேலையின்றி நிற்கும் ஒரு தாய், தன் வறுமையே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அஞ்சி, கேட்காமலேயே குழந்தையை விட்டுக்கொடுத்துவிடக்கூடும். பெற்றோரில் ஒருவருடைய பொருளாதார மேன்மை கவனிக்கத்தக்கதேயாயினும் அதுவே முடிவைத் தீர்மானிப்பதாகாது என்று 2008ஆம் ஆண்டில் மௌசமி மொய்த்ரா கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்துள்ளது. குழந்தைக்குச் சோறூட்டுபவர் யார், பள்ளிக்கு அனுப்புபவர் யார், காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவர் யார், விடியுமுன் தாய் வேலைக்குப் போனால் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறாரா என்பனவெல்லாம் சம்பளக் கணக்கைக் காட்டிலும் அதிகம் பேசக்கூடியவை. குழந்தை தாயிடம் இருப்பதனால் தந்தையின் கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வழங்கிய ஜீவனாம்ச உரிமையை, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு தொடர்ந்து அளிக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

நம்பிக்கை: பிள்ளை யாரைக் கை காட்டுகிறதோ, அவரிடமே விடுவார்கள்.

உண்மை: பகுத்தறிந்து விருப்பம் சொல்லக்கூடிய பிராயம் வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்பதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம், அதற்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்பதன்று. நீதிபதிகள் பெரும்பாலும் குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதன் நோக்கம், அதன் சொல் அதனுடையதா, அன்றிப் பிறர் புகட்டியதா என்று உணர்ந்துகொள்வதே. ஆகவே குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து மற்றவர்மீது வெறுப்பை ஊட்டுபவர், அக்குழந்தைக்குத் தீங்கு இழைப்பதோடு, தம்முடைய வழக்குக்கும் தாமே ஊறு தேடிக்கொள்கிறார்.

நம்பிக்கை: தீர்ப்பு ஆகிவிட்டால் தோற்றவருக்குப் பிள்ளையோடு உறவு அற்றுப்போகும்.

உண்மை: பராமரிப்பு ஒருவரிடம் இருந்தாலும், மற்றவர் குழந்தையைக் காணவும் உடன் தங்கவைத்துக்கொள்ளவும் நாட்கள் வகுக்கப்படுகின்றன. தாய் தந்தை இருவருடைய அன்பும் குழந்தையின் உரிமை என்பதையும், நேரில் காண இயலாதபோது தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேச வழி செய்யவேண்டும் என்பதையும் 2020ஆம் ஆண்டில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மேலும், இத்தகைய உத்தரவுகள் சொத்து வழக்கின் டிக்ரியைப் போல என்றென்றைக்கும் நிலைத்தவை அல்ல. குழந்தை வளர, சூழ்நிலை மாற, அதன் நலத்துக்கேற்ப அவற்றை மாற்றும்படி எந்தக் காலத்திலும் கேட்கலாம். பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும் நியாயமாகா.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சாத்தியமான வழக்குகளிலெல்லாம் முதலில் சமரசத்துக்கு முயல்வதையே நீதிபதியின் கடமையாக்கியிருக்கிறது. அந்தச் சந்தர்ப்பம் வரும்போது, பள்ளி நாட்களில் குழந்தை எங்கே இருக்கும், உப்பளம் ஓய்ந்த மழைக்காலத்தில் யாரோடு கூடுதலாகத் தங்கும், பொங்கலுக்கு எந்த வீட்டில், நோயுற்றால் செலவு யாருடையது என்பவற்றைத் தாய் தந்தை இருவரும் தாமே தெளிவாக எழுதிக்கொண்டு போவார்களானால், நீதிபதிக்கு அதைக் காட்டிலும் பெரிய துணை வேறில்லை. ஒருவர் குற்றத்தை ஒருவர் அடுக்குவதற்குச் செலவிடும் சிரத்தையில் பாதியையேனும் குழந்தையின் அன்றாட வாழ்வை விவரிப்பதற்குச் செலவிடுங்கள் என்பதே பிரிந்து நிற்கும் பெற்றோரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்.