ஆயாவின் ஈசிஜி தாள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆயா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், “வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்” என்றவர்களை மீறி நீ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனதும் உன் அம்மா சொல்லித் தெரிந்தது. உன் தாத்தாவுக்கும் அப்படித்தான் ஒரு ராத்திரி வேர்த்துக் கொட்டியது. ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் இறங்கலாம் என்று இருந்தோம். பஸ் வருமுன் போய்விட்டார். அந்தத் தப்பை நீ செய்யவில்லை.

“அந்தக் கட்டம் போட்ட தாளில் என்ன மாமா தெரிகிறது?” என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

இதயம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்னத் திசுவில் அது கிளம்பி, மேலறைகளில் பரவி, நடுவில் ஓரிடத்தில் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் தங்கிவிட்டு, பிறகுதான் கீழறைகளுக்கு இறங்கும். மேல் வயலின் தண்ணீர் முழுக்க இறங்கட்டும் என்று மடையில் காத்திருப்போமே, அப்படி. அந்த மின்சாரத்தின் மிக மெல்லிய சாயல் தோல்வரை வருகிறது. நர்ஸம்மா ஜெல் தடவி ஒட்டிய பத்து ஒயர்களும் அதைத்தான் பிடிக்கின்றன. ஒயர் பத்து, பார்வை பன்னிரண்டு. நம் கல்வராயன் மலையே கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு மாதிரி, ஆத்தூர்ப் பக்கமிருந்து வேறு மாதிரி தெரிவதில்லையா?

நீ அனுப்பிய படத்தை எடுத்துப் பார். ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்தது ஒரு பெரிய கட்டம், அது 0.2 நொடி. ஓர் ஊசிமுனை உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை பெரிய கட்டங்களை எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் நாடித்துடிப்பு. ஆயாவுக்கு நான்கு கட்டம், அதாவது 75. அதில் குறையில்லை. ஆனால் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்று குறித்த வரிகளைப் பார். உச்சி முடிந்ததும் கோடு சமதளத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே திரும்பாமல் மேடேறி நிற்கிறது. இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இந்த வளைவுகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். லைடன் நகரில் அவர் செய்த கருவி 270 கிலோ இருந்தது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. நோயாளிகளையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவருவது கஷ்டம். அதனால் 1905இல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகத் துடிப்பையே தன் கூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். எனக்கு அவருடைய பரிசைவிட அந்தக் கம்பிதான் பெரிதாகத் தெரிகிறது. மலைக்காரர்களுக்கு வேண்டியது அதுதானே: ஆள் இறங்குவதற்கு முன்னால் துடிப்பு இறங்கிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் அதைச் செய்தே காட்டினார்கள். கோவை தாமஸ் அலெக்சாண்டர், சென்னை அஜித் முல்லசாரி முதலான இதய மருத்துவர்கள் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். ஈசிஜியை அனுப்பி, மாரடைப்பு உறுதியானால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவது ஏற்பாடு. 2012 முதல் 2014 வரை, ஏற்பாடு வருமுன்னும் வந்தபின்னுமாக 2,420 நோயாளிகளைக் கவனித்ததில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல், மருமகளே. அதில் ஒருவர் உன் தாத்தாவாக இருந்திருக்கலாம்.

ஆயாவுக்கு ஒரே தடவையில் 14 மாத்திரை கொடுத்தார்களே என்று பயந்திருந்தாய். அது 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. கட்டி மேலும் பெருகாமல் பார்த்துக்கொண்டு, கீழே போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தருபவை. பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் கொடுக்க வேண்டும். நாமாக வாங்கிப் போடக் கூடாது. தாத்தா காலத்தில் இந்த மாத்திரைப் பையும் கிடையாது, சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியும் கிடையாது. அது 2022இல் திறந்ததுதான்.

இன்னொன்று, உன் தோழிகளிடமும் சொல். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலே ஆபத்து இல்லை என்றாகிவிடாது. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனினையும் ரத்தத்தில் பார்ப்பார்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, மேல்வயிற்று எரிச்சல், தாடை வலி என்று வரலாம். நம் வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லக்கூட மாட்டார்கள். வேலையை முடித்துவிட்டுத்தான் படுப்பார்கள். நீ முகத்தைப் பார், வேர்வையைப் பார், 108ஐக் கூப்பிடு.

ஆயா வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடாதே. சூட்டில் அச்சாகும் தாள் அது, நாளானால் மங்கிவிடும். சங்கராபுரம் போகும்போது ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கிற கவரில் போட்டு வை. அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்பது பழைய ஈசிஜியைத்தான்.

அன்புடன்,
மாமா