ஒளிப்படமும் ஓவிய உரிமையும்

நுழையும்முன்

ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்து பழகாத ஓவியர் இன்று அரியர். பழகுவதற்காக வரைந்த படம் வீட்டுச் சுவரில் இருக்கும்வரை எவரும் கேள்வி எழுப்புவதில்லை. அதே படம் விலைக்குப் போகும்போது, 'இது யாருடைய படைப்பு?' என்னும் கேள்வி பிறக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஒளிப்படக் கலைஞருக்கும் உலகறிந்த ஓவியர் ஒருவரின் அறக்கட்டளைக்கும் இடையே நடந்த வழக்கின்வழி இப்பாடம் அக்கேள்வியை ஆராய்கிறது.

ஒளியின் தேர்வு

1981ஆம் ஆண்டில் 'நியூஸ்வீக்' என்னும் அமெரிக்க வார இதழ், அப்போது வளர்ந்துவந்த இசைக்கலைஞரான பிரின்ஸைப் படமெடுக்கும் பணியை லின் கோல்ட்ஸ்மித் என்னும் ஒளிப்படக் கலைஞரிடம் ஒப்படைத்தது. இசைத்துறையினரைப் படமெடுப்பதில் பெயர்பெற்றவர் கோல்ட்ஸ்மித். அவர் பிரின்ஸைத் தம் படப்பிடிப்பகத்திற்கு வரவழைத்தார். வெண்ணிறப் பின்னணியைத் தேர்ந்தார். கண்ணிமைகளுக்கும் உதடுகளுக்கும் கூடுதலாக ஒப்பனை செய்தார். ஒளிக்குடைகளை நிறுவி, அவற்றின் ஒளி பிரின்ஸின் கண்களில் சிறு புள்ளிகளாக மின்னுமாறு அமைத்தார். இயல்பாக இருக்க இயலாத, எளிதில் காயப்படக்கூடிய ஒரு மனிதரையே அன்று தாம் கண்டதாகப் பின்னாளில் அவர் கூறினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிந்ததும் அம்முகமே.

கருவிதானே படமெடுக்கிறது, விசையை அழுத்தியதைத் தவிர எடுப்பவர் செய்தது என்ன என்று கேட்பவர் இன்றும் உளர். இக்கேள்வி பழையது, விடையும் பழையதே. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை நெப்போலியன் சரோனி என்பவர் எடுத்த ஒளிப்படத்தை, அச்சு நிறுவனமொன்று கல்லச்சில் படியெடுத்து விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அமரும் நிலை, உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும் விழும் முறை, முகத்தில் வெளிப்பட வேண்டிய மெய்ப்பாடு ஆகிய அனைத்தையும் சரோனியே முடிவு செய்தார். ஆகவே அப்படம் அவருடைய படைப்பு என்று 1884ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகம் வைல்டுடையது, அம்முகத்தைக் காட்டிய விதம் சரோனியுடையது. பதிப்புரிமை பற்றிய குழப்பங்களுள் பாதி, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளைவனவே.

நானூறு டாலர்

1984ஆம் ஆண்டிற்குள் பிரின்ஸ் பெரும்புகழ் எய்திவிட்டார். 'வேனிட்டி ஃபேர்' என்னும் இதழ் அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட முனைந்தது. அதற்கான ஓவியத்தை வரையும் பொறுப்பு ஆண்டி வார்ஹாலிடம் வந்தது. சூப்புத் தகரக் குப்பிகளையும் திரைநட்சத்திரங்களின் முகங்களையும் பட்டுத்திரை அச்சுமுறையில் பளிச்சிடும் வண்ணங்களில் படைத்துப் புகழ்பெற்றவர் அவர். அவருக்கு மூலமாக ஓர் ஒளிப்படம் தேவைப்பட்டது. கோல்ட்ஸ்மித்தின் படத்தை 400 டாலர் கொடுத்து இதழ் பெற்றது. ஓவியருக்கு மேற்கோளாக ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம். வேறு பயன்பாட்டிற்கு உரிமை இல்லை என்பது உடன்பாடு. இதழில் வார்ஹாலின் ஊதா நிறப் பிரின்ஸ் வெளிவந்தபோது, மூல ஒளிப்படத்திற்காகக் கோல்ட்ஸ்மித்தின் பெயரும் இடம்பெற்றது. அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது.

ஆனால் வார்ஹால் ஓர் ஓவியத்தோடு நிறுத்தவில்லை. அதே ஒளிப்படத்தைக் கொண்டு, பட்டுத்திரை அச்சுப் படைப்புகளும் பென்சில் ஓவியங்களுமாக மொத்தம் 16 படைப்புகளை உருவாக்கினார். இது கோல்ட்ஸ்மித்துக்குத் தெரியாது. 1987இல் வார்ஹால் மறைந்தபின் அவை அவர் பெயரிலான அறக்கட்டளையைச் சேர்ந்தன. காலப்போக்கில் 12 படைப்புகள் பிறர் கைகளுக்குச் சென்றன; எஞ்சிய நான்கும் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள வார்ஹால் அருங்காட்சியகத்தை அடைந்தன.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிரின்ஸ் காலமானார். 'வேனிட்டி ஃபேர்' இதழின் உரிமையாளரான காண்டே நாஸ்ட் நிறுவனம் அஞ்சலிச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. அதன் அட்டையில், பதினாறனுள் ஒன்றான செம்மஞ்சள் நிறப் பிரின்ஸ் இடம்பெற்றது. அதற்காக அறக்கட்டளை பெற்ற தொகை 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு டாலரும் வரவில்லை. அவர் பெயரும் அச்சாகவில்லை. அட்டையைக் கண்ட பிறகுதான், தம் படத்திலிருந்து இத்தனை படைப்புகள் தோன்றியிருப்பதை அவர் அறிந்தார்.

மூன்று மன்றங்கள்

தம் உரிமை மீறப்பட்டதாகக் கோல்ட்ஸ்மித் தெரிவித்தார். அறக்கட்டளையோ தாம் தவறிழைக்கவில்லை எனத் தீர்ப்பு வேண்டி 2017இல் தானே முதலில் வழக்குத் தொடுத்தது. 2019இல் கீழமை நீதிமன்றம் அறக்கட்டளையின் பக்கம் நின்றது. காயப்படக்கூடிய ஒரு மனிதரை மனிதப் பண்பு கடந்த ஓர் அடையாளச் சின்னமாக வார்ஹால் மாற்றிவிட்டார் என்பது அம்மன்றத்தின் கருத்து. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இறுதியாக 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எழுவர் கோல்ட்ஸ்மித்துக்கு ஆதரவாகவும் இருவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோடோமேயர். ஓவியம் புதிய பொருள் தருகிறதா என்பது மட்டும் போதாது. அது எந்த நோக்கத்திற்காகப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். பிரின்ஸ் பற்றிய இதழுக்குப் பிரின்ஸின் உருவப்படம் தேவை. கோல்ட்ஸ்மித்தின் ஒளிப்படமும் அத்தேவையை நிறைவு செய்யும். வார்ஹாலின் படைப்பும் அதையே செய்தது. ஒரே சந்தையில், ஒரே வேலைக்கு, மூலத்தின் இடத்தை அதன் வழிவந்தது பிடித்துக்கொண்டது. சூப்புக் குப்பி ஓவியம் அத்தகையதன்று. குப்பியின் முகப்புத்தாள் சூப்பை விற்கப் பிறந்தது; வார்ஹாலின் ஓவியம் நுகர்வு வாழ்வைப் பற்றிப் பேசியது; அவ்வோவியம் அந்தக் குறிப்பிட்ட முகப்புத்தாளையே தன் பேசுபொருளாகக் கொண்டது. கோல்ட்ஸ்மித்தின் ஒளிப்படத்தைப் பற்றிப் பிரின்ஸ் ஓவியம் எதுவும் பேசவில்லை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி எலினா கேகனின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கலை என்றும் முன்னைய கலையின் தோளில் ஏறியே வளர்ந்தது என்றார் அவர். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய போப்பாண்டவர் உருவத்தைப் பிரான்சிஸ் பேக்கன் மூன்று நூற்றாண்டு கழித்து அலறும் உருவமாக்கியதைச் சான்றாகக் காட்டினார். எனினும் வெலாஸ்கெஸ் மறைந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. கோல்ட்ஸ்மித்தோ தம் படங்களை விற்று வாழும் கலைஞர். இவ்வேறுபாடு சிறியதன்று.

இத்தீர்ப்பு தொடாமல் விட்ட ஒன்றும் உண்டு. 2016இல் இதழுக்கு உரிமம் வழங்கிய செயலை மட்டுமே நீதிமன்றம் ஆராய்ந்தது. அப்பதினாறு படைப்புகளை வார்ஹால் உருவாக்கியதும், அவை காட்சிக்கு வைக்கப்பட்டதும், விற்கப்பட்டதும் முறையா என்பது பற்றி அது எதுவும் கூறவில்லை.

கையால் செய்தால் தமதாகுமா?

ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்கு மாற்றிவிட்டாலே படைப்பு தமதாகிவிடும் என எண்ணுவோர் மிகுதி. ஆர்ட் ரோஜர்ஸ் என்னும் ஒளிப்படக் கலைஞர், வரிசையாக நாய்க்குட்டிகளை ஏந்தியிருக்கும் ஓர் இணையரைப் படமெடுத்திருந்தார். அது வாழ்த்தட்டையாக விற்பனையாயிற்று. சிற்பி ஜெஃப் கூன்ஸ் அவ்வட்டையை வாங்கி, பதிப்புரிமைக் குறிப்பைக் கிழித்துவிட்டு, அதைப்போலவே செய்யுமாறு இத்தாலியப் பட்டறைக்கு அனுப்பினார். நீலநிற நாய்க்குட்டிகளுடன் வண்ணச் சிற்பங்கள் உருவாயின. மூன்று சிற்பங்கள் மொத்தம் 3,67,000 டாலருக்கு விலைபோயின. ஒளிப்படம் தட்டையானது, சிற்பம் முப்பரிமாணம் உடையது என்பதோ, எள்ளலுக்காகச் செய்யப்பட்டது என்பதோ 1992ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஏற்கப்படவில்லை.

முப்பது விழுக்காடு மாற்றினால் போதும் என்றொரு பேச்சு ஓவியர் நடுவே உலவுகிறது. அவ்வாறு அளவுகோல் எதுவும் சட்டத்தில் இல்லை.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பெயரிலுள்ள 'பதிப்பு' என்னும் சொல் நூலை மட்டுமே நினைவூட்டுகிறது; சட்டமோ ஓவியம், சிற்பம், ஒளிப்படம் ஆகியவற்றையும் கலைப்படைப்பு என்றே வகுக்கிறது. கலைத்தரம் உண்டா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. உரிமை படைத்த கணத்திலேயே பிறக்கிறது; பதிவு செய்வது கட்டாயமன்று. கலைப்படைப்பை எந்தப் பொருள் வடிவிலும் மீளுருவாக்கும் உரிமையும், தட்டையானதை முப்பரிமாண வடிவில் காட்டும் உரிமையும் உரிமையாளருக்கே உரியவை.

கருத்துக்கு உரிமை இல்லை. அதனை வெளிப்படுத்திய வடிவத்திற்கே உரிமை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்தியது. மழையில் குடையுடன் நடக்கும் மூதாட்டி என்பது கருத்து. அதை எவரும் வரையலாம். ஒருவர் எடுத்த ஒளிப்படத்தின் கோணம், ஒளி, குடையின் சாய்வு, தெருவிளக்கின் எதிரொளி ஆகியவற்றை அப்படியே திரையில் இறக்குவது வேறு.

தனிப்பட்ட பயன்பாட்டிற்காகவோ ஆராய்ச்சிக்காகவோ நேர்மையாகக் கையாளுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதையும் அனுமதிக்கிறது. எனவே வகுப்பறையில் ஒளிப்படத்தைப் பார்த்து வரையும் மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வோவியத்தைக் கண்காட்சியில் விலைக்கு வைக்கும்போது அவ்விலக்கு துணைநிற்காது.

பொது இடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தை வரைவதற்கும் விலக்கு உண்டு. சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையின்முன் அமர்ந்து வரைவோர், அவ்வோவியத்தை வெளியிடத் தடையில்லை. ஆனால் அச்சிலையை வைகறையில் ஒருவர் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தால், இடையே அவ்வொளிப்படக் கலைஞரின் உரிமை வந்துவிடுகிறது. நேரில் சென்று வரைவோருக்கு இத்தொல்லை இல்லை. ஓவியமும் பெரும்பாலும் அதனால் மேம்படுகிறது.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே மறைந்த தந்தையின் படத்தை வண்ணத்தில் பெரிதாக வரைந்து தருமாறு மகள் கொண்டுவருவது குடும்பம் பணம் கொடுத்து நிலையத்தில் எடுத்த படமாயின், பொதுவாக உரிமை குடும்பத்தினரிடமே இருக்கும். நாளிதழில் வெளிவந்த படத்திற்கு அவ்வாறு கருத முடியாது. படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. அதை விற்றுவிட்ட பின்னும், இது தம் படைப்பு என உரைக்கும் உரிமை படைத்தவரை விட்டு நீங்குவதில்லை. ஆதலால் பெயர் குறிப்பிடுவது கடமையாகும். எனினும் பெயர் குறிப்பிட்டதனாலேயே இசைவு பெற்றதாகிவிடாது.

இசைவை எழுத்தில் பெற வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எத்தனை ஓவியங்கள், மூல ஓவியம் மட்டுமா அச்சுப்படிகளும் உண்டா, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவை அதில் இடம்பெற வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்து ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடில் இந்திய எல்லைக்குள் எனவும் கொள்ளப்படும். கோல்ட்ஸ்மித்தின் வழக்கிலும் 1984ஆம் ஆண்டின் அச்சிறு உரிமம் காக்கப்பட்டிருந்தது. 'ஒருமுறை மட்டும்' என்று அதில் எழுதியிருந்ததை, 39 ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எடுத்துரைத்தது.