மாமை நிறமும் கைத்தொலைபேசியும்

பெற்றோர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் சேர்ந்து படிப்பதற்காக இம்முறை நாம் எடுத்துக்கொண்ட சொல் 'மாமை'. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகைச் சொல்ல வரும் சொற்களில் இது முக்கியமானது. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் பொருள் சொல்வர். கருமையோடு சற்றுச் செம்மை கலந்த, மினுமினுப்பான நிறம். அந்த நிறமுடைய பெண்ணை மாயோள் என்றார்கள். தலைவன் பிரிந்து போனால் அவளது மாமை கெட்டு மேனி வெளிறும். அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர். நிறம் வெளுத்தால் தோழி கவலைப்படுவாள், தாய் விசாரிப்பாள். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழில் பாடியவர்களுக்கு வெளிறல் என்பது வருத்தத்தின் அடையாளம், கருமை நலத்தின் அடையாளம்.

தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் மாயோன். கிருஷ்ண என்ற வடசொல்லின் பொருளும் கருமைதான். காளி, சியாமளா என்ற பெயர்களும் அப்படியே. கருவறையில் கருங்கல் மூர்த்தத்துக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தித் தீபம் காட்டும்போது அந்தக் கருமை ஒளிர்வதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பத்து நிமிடம் கழித்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "என்ன பிள்ளை இப்படிக் கறுத்துப்போனாய், வெயிலுக்கை திரிஞ்சனியோ?" என்று கேட்கிறோம். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறது.

எமது பேச்சுத் தமிழைச் சற்று உற்றுக் கேட்போம். "பெடிச்சி நல்ல நிறம்" என்றால் வெள்ளை என்று பொருள். நிறம் என்ற பொதுச்சொல்லே ஒரு நிறத்துக்கு உரியதாகிவிட்டது. அடுத்தது "பொது நிறம்". அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு "கறுப்பு எண்டாலும் களையான முகம்" என்று ஓர் ஆறுதல். அந்த "எண்டாலும்" என்ற சொல்லை மேல்வகுப்பு மாணவர்கள் இலக்கணப்படி ஆராய்ந்து பார்க்கலாம். களை இருந்தும் ஒரு குறை இருக்கிறது என்று அது சொல்கிறது. மாநிறம் என்ற சொல்லில் பழைய மாமையின் எச்சம் இன்னும் கிடக்கிறது. ஆனால் கலியாண விளம்பரத்தில் அதையும் எழுதக் கூசுகிறோம்.

இந்த மனநிலைக்கு முதலாளித்துவம் மட்டும் பொறுப்பு என்று நாம் சொல்லமாட்டோம். வெயிலில் நின்று வேலை செய்தவர்களையும் நிழலில் இருந்தவர்களையும் பிரித்துப் பார்த்த பழக்கமும் சாதியும் எம்மிடம் முன்னரே இருந்தன. வெள்ளையர் ஆட்சி அதற்கு முத்திரை குத்தியது. வியாபாரம் அதை விலைக்கு விற்கக் கற்றுக்கொண்டது.

விற்ற கதை எமக்கு நன்கு தெரிந்ததே. இந்துஸ்தான் லீவர் கம்பனி 1975 இல் 'பேர் அன்ட் லவ்லி' என்ற பூச்சை இந்தியச் சந்தையில் இறக்கியது. பின்னர் அது இலங்கைக் கடைகளுக்கும் வந்து, இங்கே ஜோன் ரலோன் வீதிப் பக்கத்துப் பலசரக்குக் கடைகளின் தட்டுகளிலும் அமர்ந்தது. அதன் விளம்பரங்களில் ஒரே கதைதான் பல உடுப்புப் போட்டு வரும். கறுத்த பெண் ஒருத்திக்கு வேலை கிடைக்காது, அல்லது மாப்பிள்ளை கிடைக்காது. பூச்சைப் பூசுவாள், சில கிழமைகளில் இரண்டும் கிடைக்கும். 2020 இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் எழுந்தபோது, அக்கம்பனி பெயரிலிருந்த 'பேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ அன்ட் லவ்லி' என்று மாற்றியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவில் வாழும் தென்னாசியப் பெண்கள் முறைப்பாடு செய்ததால், சாதி.கொம் என்ற திருமணத் தளம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது.

இதில் கணக்கர்கள் கவனிக்கக்கூடிய ஒரு விடயம் உண்டு. அந்தப் பூச்சின் தாய்க் கம்பனி யூனிலீவர். பெண்கள் உள்ளபடியே அழகு என்று 2004 முதல் உலகெங்கும் பிரசாரம் செய்துவரும் டவ் சவர்க்காரமும் யூனிலீவருடையதே. ஒரு சாதாரணப் பெண்ணின் முகம் ஒப்பனையாலும் கணினியாலும் விளம்பரப் பலகை முகமாக மாற்றப்படுவதைக் காட்டி 2006 இல் பெரும் புகழ் பெற்ற டவ் குறும்படம், ரொறன்ரோவில் உள்ள விளம்பர நிறுவனம் ஒன்றில் உருவானது. ஒரு கையால் தாழ்வு மனப்பான்மையையும் மறு கையால் அதற்கு மருந்தையும் விற்று, இரண்டையும் ஒரே வரவுப் பக்கத்தில் எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

பூச்சு வெறும் ஏமாற்று என்றால் பணத்தோடு போய்விடும். ஆனால் பெயர் தெரியாத சில வெண்மைப் பூச்சுகளில் பாதரசமும் கடுமையான ஸ்ரீரொயிட் மருந்துகளும் கலந்திருக்கின்றன. ஹெல்த் கனடா இத்தகைய பொருட்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசியவரிடமிருந்து வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும். ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ யாராவது பெட்டியில் கொண்டுவந்து தந்தால், உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாவைத் தயவு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். ரொறன்ரோவைச் சேர்ந்த நயனி தியாகராஜா என்ற தமிழ்ப் பெண், நிறபேதம் பற்றி 'ஷேடிசம்' என்ற குறும் ஆவணப்படத்தை வெளியிட்டது 2010 இல். இன்ஸ்ரகிராம் தொடங்கியதும் அதே ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில்தான். ஆகவே எமது நோயை இன்ஸ்ரகிராம் உண்டாக்கவில்லை. இருந்த நோயைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாளாந்தம் ஊட்டும் திறமை அதற்கு இருக்கிறது. முன்பு விளம்பரம் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. தொலைக்காட்சியை நிறுத்தினால் அதுவும் நின்றது. இப்போது பிள்ளை ஒரு படத்தில் மூன்று விநாடி கூடுதலாகத் தங்கினால், அதைக் குறித்துவைத்து, அதே மாதிரி இன்னும் ஐம்பது படம் வருகிறது. மெலிந்த இடுப்பைப் பார்த்த பிள்ளைக்கு இடுப்புகள் வரும். முகம் வெளுக்கும் வழியைத் தேடிய பிள்ளைக்கு வெளுத்த முகங்கள் வரும்.

ஒரு நிறுவனத்தை அறிய வேண்டுமானால் அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஸ்ரகிராமின் உரிமையாளரான மெற்றா நிறுவனம் 2024 இல் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 164 பில்லியன் அமெரிக்க டொலர். அதில் 160 பில்லியனுக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்காமல் இவ்வளவு பணமும் வந்திருக்கிறது. அவர்கள் பார்க்கும் நேரமே சரக்கு. தன் முகத்தோடு சமாதானமாக இருக்கும் பிள்ளை திரையை வைத்துவிட்டு விளையாடப் போய்விடும். அதனால் யாருக்கும் இலாபமில்லை.

தீங்கு உண்டென்பதை அந்த நிறுவனமே அறிந்திருந்தது. 2021 செப்ரெம்பரில் வோல் ஸ்ரீற் ஜேர்னல் பத்திரிகை வெளியிட்ட உள்ளக ஆவணங்களின்படி, தமது உடலைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதமானோர், இன்ஸ்ரகிராம் அந்த வேதனையைக் கூட்டியது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களிடமே சொல்லியிருந்தார்கள். ஆவணங்களை வெளிக்கொண்டுவந்த பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் அடுத்த மாதம் அமெரிக்க செனற் குழு முன் சாட்சியம் அளித்தார்.

படம் வந்தால் உடல் பற்றிய எண்ணம் மாறுமா என்று ஐயப்படுவோருக்குப் பீஜித் தீவின் கதையைச் சொல்லலாம். அங்கே பருத்த, உறுதியான உடலே அழகென்று மதிக்கப்பட்டது. ஒரு மாகாணத்துக்கு 1995 இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க வைத்தியர் அவ்வாண்டும் பிறகு 1998 இலும் அங்குள்ள பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். மெலிவதற்காகத் தாமாக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் தடவை ஒருவரும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 11 சதவீதம். அங்கே வந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை.

இன்னொரு விடயம் எமது பிள்ளைகளுக்கு முக்கியமானது: மூக்கு. "என்ரை மூக்குப் பெரிசு" என்று அழும் பிள்ளைகள் எம்மிடையே குறைவில்லை. கையை நீட்டி எடுக்கும் படத்தில் கமெரா முகத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது. கிட்ட உள்ள பொருள் பெரிதாகத் தெரியும், முகத்தில் முன்னே நிற்பது மூக்கு. அமெரிக்க வைத்தியர்கள் 2018 இல் இதைக் கணக்கிட்டார்கள். ஓரடித் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடித் தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். வீட்டில் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பாருங்கள். ஒரே ஆளை இரண்டு தூரத்திலும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடம் காட்டுங்கள். பத்து அறிவுரைகளைவிட அந்த இரண்டு படங்களும் கூடப் பேசும்.

ஆண் பிள்ளைகளுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வருவது தசைப் படங்கள். புரதமா வாங்குகிறான், உடற்பயிற்சி செய்கிறான் என்று நாம் மகிழ்கிறோம். பையன் கண்ணாடிக்கு முன் எவ்வளவு நேரம் நிற்கிறான், குடும்பத்தோடு இருந்து சாப்பிடுகிறானா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாம் வாழும் கியூபெக் மாகாணம் இவ்விடயத்தில் முன்னே நிற்பது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நோக்கி வியாபார விளம்பரம் செய்வதை இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1980 முதல் தடை செய்கிறது. விளையாட்டுப் பொருள் கம்பனி ஒன்று வழக்காடியபோது, 1989 இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. எம்மவர் பலருக்கு இது தெரியாது. 2009 இல் ஆரோக்கியமான, பன்முக உடல் தோற்றத்துக்கான சாசனம் ஒன்றையும் மாகாணம் வெளியிட்டது. அது விரும்பியவர் கையொப்பமிடும் சாசனம் என்பதால் அதன் பல்லும் அவ்வளவுதான். இளையோரும் திரையும் பற்றி ஆராய்ந்த தேசிய சபையின் விசேட ஆணைக்குழு, 14 வயதுக்குக் குறைந்தோர் பெற்றோரின் சம்மதமின்றிச் சமூக ஊடகக் கணக்குத் திறக்கக்கூடாது என்று 2025 மே மாதம் பரிந்துரைத்தது. 2025 இலையுதிர்காலம் முதல் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் பாடசாலை நேரம் முழுவதும் கைத்தொலைபேசிக்குத் தடை வந்தது. ஆகப் பிள்ளையின் பகல் பொழுதைப் பாடசாலை பார்த்துக்கொள்கிறது. மாலையும் இரவும் எம்முடையவை.

முற்றாகப் பறித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பறித்தால் நண்பியின் தொலைபேசியில் பார்ப்பார்கள். எமக்குப் பக்கத்து நகரான ஒட்டாவாவில், மன உளைச்சல் இருந்த 17 முதல் 25 வயது வரையான 220 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2023 இல் வெளியாகியது. ஒரு பகுதியினர் மூன்று கிழமைகளுக்குச் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணித்தியாலமாகக் குறைத்தார்கள். மற்றவர்கள் வழமைபோல் இருந்தார்கள். குறைத்தவர்களுக்குத் தமது தோற்றத்தையும் எடையையும் பற்றிய எண்ணம் தெளிவாக முன்னேறியது. மூன்று கிழமை என்பது ஒரு திருவிழாவும் அதன் களைப்பும் முடிகிற காலம்.

திரையைக் குறைத்துவிட்டு வாயைக் குறைக்காவிட்டால் பயனில்லை. எமது சாமத்திய வீடுகளை எடுத்துக்கொள்வோம். 12 வயதுப் பிள்ளைக்கு அவளுடைய நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த மாப்பூச்சுப் பூசுகிறோம். கழுத்தும் கையும் வேறு நிறமாய் நிற்கும். பிறகு படப்பிடிப்பாளர் அல்பத்தில் மிச்சத்தையும் வெளுப்பாக்கிக் கொடுக்கிறார். சொல்லாமலே செய்து கொடுப்பவருக்கு நல்ல பெயர். வாசலில் ஆளுயரப் படம் வைக்கிறோம். அந்தப் படத்தைக் கடந்து உள்ளே போகும் பிள்ளை, தான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள் என்பதை வாசித்துக்கொண்டு போகிறது. இன்ஸ்ரகிராமின் அழகு வடிகட்டி செய்வதும் இதே வேலைதான், காசில்லாமல். அடுத்த விழாவுக்கு முற்பணம் கொடுக்கும்போது, "பிள்ளையின்ரை நிறத்தை மாத்த வேண்டாம்" என்று ஒரு வசனம் சேர்த்துச் சொன்னால் போதும். ஒப்பனை செய்பவருக்கும் அதையே சொல்லலாம்.

சாப்பாட்டு மேசையிலும் எமது பேச்சு விசித்திரமானது. "உடம்பு வைச்சிட்டாய்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் போடுகிற மாமிமார் எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். ஆறு மாதம் காணாத பிள்ளையைக் கண்டால் கேட்பதற்குப் படிப்பு இருக்கிறது, நடன வகுப்பு இருக்கிறது, வாசித்த புத்தகம் இருக்கிறது.

சில அறிகுறிகளைப் பெற்றோர் அலட்சியம் செய்யக்கூடாது. பிள்ளை உணவைத் தள்ளிவைத்தல், சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டுதல், எடை வேகமாகக் குறைதல், மாதவிடாய் நின்றுபோதல், கோடையிலும் உடலை மூடும் தடித்த உடுப்புப் போடுதல். இவற்றை விரதம் என்றோ பரீட்சைப் பயம் என்றோ விட்டுவிட வேண்டாம். முதலில் குடும்ப வைத்தியரிடம் பேசலாம். குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 என்ற இலக்கத்தை அழைத்துச் சமூக சேவையாளருடன் கதைக்கலாம். வெர்டனில் உள்ள டக்ளஸ் மனநல நிறுவனத்தில் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அனெப் என்ற அமைப்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவுகிறது. பிரெஞ்சோ ஆங்கிலமோ பேசத் தயங்கும் பெற்றோர், அந்தச் சந்திப்புக்கு நோயுற்ற பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக்கிக் கூட்டிப்போக வேண்டாம். தன் உடம்பைப் பற்றித் தாய் சொல்வதைத் தானே வைத்தியருக்குத் திருப்பிச் சொல்லும் நிலை அந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது. நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளைக்குப் பிடித்த, வளர்ந்த உறவினர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.