தாம்பூலப் பை முதல் குற்றாலத் துண்டு வரை: தொண்டுக்கு நிதி திரட்டச் சில குறிப்புகள்

தென்காசிப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கையில் ஒரு தாம்பூலப் பையோடுதான் திரும்புகிறோம். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. வெளியே மணமக்கள் பெயர், தேதி. நூறு, இருநூறு, ஐந்நூறு என்று இப்படிப் பெயர் போட்ட பைகளை அச்சடிக்க வீட்டுக்கு வீடு பணம் செலவாகிறது. அதே பணம் ஒரு மாற்றுத்திறனாளிக்குக் கூலியாகவோ, ஓர் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமாகவோ போய்ச் சேர வழி உண்டு. பெயர் பொறித்த பை, துண்டு, காலண்டர் ஆகியவற்றைக் கொண்டு நிதி திரட்ட நினைக்கும் குடும்பங்களுக்கும், மகளிர் குழுக்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் உதவும் குறிப்புகள் இவை.

1. எப்படியும் ஆகப்போகிற செலவைத் தேடுங்கள். கல்யாணம், புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் பை வாங்கத்தான் போகிறோம். அந்த ஆர்டரைத் தொண்டு நிறுவனத்தின் தையல் பிரிவுக்கோ, அவர்களுக்காகத் தைத்துத் தரும் மகளிர் குழுவுக்கோ கொடுத்துவிட்டால் போதும். யாரிடமும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. பையின் ஒரு பக்கம் உங்கள் வீட்டு விசேஷம், மறுபக்கம் அந்த நிறுவனத்தின் பெயரும் ஊரும். வாங்கிப் போகிறவர் வருடக்கணக்கில் அதைக் கடைக்குக் கொண்டு போவார்.

2. யார் கையால் தைக்கப்படுகிறது என்று பாருங்கள். லாபத்தில் ஒரு பங்கைத் தொண்டுக்குத் தருவது நல்லதுதான். உதவி பெற வேண்டியவரே தைத்துக் கூலி வாங்குவது அதைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் இதற்கான நல்ல உதாரணம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போனார். உடற்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டதில், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981-இல் அவர் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் வந்து சேர்ந்தார். இன்று அங்கே சிறப்புப் பள்ளி, மறுவாழ்வு மையம், தையல் உள்ளிட்ட தொழிற்பயிற்சி எல்லாம் நடக்கின்றன. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்படித் தொழிற்பயிற்சி தரும் இடம் உங்கள் பக்கத்தில் இருந்தால் முதலில் நேரில் போய், பை ஆர்டர் எடுப்பார்களா, எத்தனை நாளில் எத்தனை பை முடியும் என்று கேளுங்கள். தேதியை நெருக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி தைப்பவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை.

3. எண்ணிக்கையைக் குறைத்தே ஆர்டர் கொடுங்கள். விற்பனைக்குப் பை போடுகிறவர்கள் அதிகமாக இடறுவது இங்கேதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பை ஒன்றுக்கு அடக்கம் 40 ரூபாய், விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 பை அடித்தால் முதல் 20,000 ரூபாய் அச்சகத்துக்கும் தையல்காரருக்கும் போகும். 200 பை விற்ற பிறகுதான் தொண்டுக்கு முதல் காசு சேரும். 150 பை மட்டும் விற்றால் 5,000 ரூபாய் நஷ்டம், வீட்டில் 350 பை மிச்சம். அதே அடக்கத்தில் 150 மட்டும் அடித்து எல்லாவற்றையும் விற்றால் 9,000 ரூபாய் முழுசாகக் கொடுக்கலாம். அதிகம் அடித்தால் அடக்கம் குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். விற்காத பைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

4. முன்பதிவு வாங்குங்கள். ஒரு மாதிரிப் பை தைத்துப் படம் எடுத்து, தெரு, சங்கம், உறவு என்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, பணம் வந்த அளவுக்கு மட்டும் அடிக்கலாம். அடக்கச் செலவை ஏற்க ஒரு கடைக்காரர் முன்வந்தால் இன்னும் நல்லது. பையின் ஓரத்தில் அவர் கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டுக் கொடுங்கள். விற்கிற பணம் மொத்தமும் தொண்டுக்குப் போகும்.

5. துணியை நெருப்பில் காட்டிப் பாருங்கள். துணி போலவே தெரியும் மெல்லிய பைகள் பல, உண்மையில் பிளாஸ்டிக் இழையால் ஆனவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களோடு அவையும் தடையில் இருக்கின்றன. ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும். அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு போக யாரும் கூச்சப்படுவதில்லை. ஆகவே கெட்டியான காடாத் துணியில் மஞ்சள் பையாகவே போடலாம்.

6. பையைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கத் தையலில் பிசிறு தொங்கினால் நாலு சலவையில் பிரிந்துவிடும். ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போலத் தையல் ஓடியிருந்தால் பிடி அறுந்து வராது. மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் பிடியின் தையல் விலகியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். காடாத் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் வேண்டிய அளவைவிட ஓர் அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். அறுந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் அச்சடித்த தொண்டு நிறுவனத்தின் பெயரை வாங்கினவர் படிக்கும் நிலை வரவே கூடாது.

7. ஒரே நிறத்தில் அச்சடியுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு சட்டம் தனியாகச் செய்ய வேண்டும், செலவும் அப்படியே ஏறும். மஞ்சள் துணியில் கருநீலம் அல்லது அடர்பச்சை நன்றாகத் தெரியும். அச்சு காய்ந்த பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அச்சு சரியாகச் சூடேற்றப்படவில்லை என்று பொருள். முதல் சலவையைத் தனியாகக் குளிர்ந்த நீரில் போடச் சொல்லி ஒரு சீட்டு வைத்துக் கொடுங்கள்.

8. எதை அச்சடிக்கக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். சாமி படம் வேண்டாம். தென்காசி கோபுரத்தைப் போட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பை பழசானால் கரித்துணி ஆகும், துண்டு கிழிந்தால் தரை துடைக்கப் போகும். அப்போது வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். அருவி, தென்னை, எலுமிச்சை, மலை வரிசை என்று நம் ஊரைச் சொல்லும் கோட்டுப் படங்கள் போதும். அரசு முத்திரைகளை அனுமதி இல்லாமல் அச்சடிப்பது சட்டப்படி குற்றம். உதவி பெறும் குழந்தையின் முகத்தையும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து இதே கடைவீதியில்தான் நடமாடப் போகிறது. அது வரைந்த ஓவியத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு போட்டால் அழகாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

9. குற்றாலத்துக்கு ஏற்றது துண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், அதன் பிறகு கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள் என்று ஆண்டுக்கு இரண்டு முறை ஊர் நிறையும். அருவிக்கு வருகிறவருக்குத் துண்டு கட்டாயம் வேண்டும், மறந்துவிட்டு வருகிறவர்களும் ஏராளம். தடித்த பூத்துண்டு சாரல் காற்றில் காயவே காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டுதான் பிழிந்து உதறினால் சீக்கிரம் உலரும். அச்சு மூலையில் உள்ளங்கை அளவுக்கு மேல் போகக் கூடாது, அச்சு விழுந்த இடம் தண்ணீரை இழுக்காது. வெளிர் நிறமே நல்லது, சாயத் துண்டு வேட்டியைக் கெடுத்துவிடும். வைகாசி முடிவதற்குள் சரக்கு கைக்கு வந்துவிட வேண்டும். துண்டோடு சோப்பு, ஷாம்பூ பொட்டலம் சேர்த்துக் கொடுக்கும் யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். அருவிகளில் அவற்றுக்குத் தடை இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. அருவிக் கரையில் நின்று விற்க உள்ளாட்சி அனுமதி வேண்டும். கோயில் வளாகம் என்றால் கோயில் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசையில் வைத்து விற்கச் சொல்வது எளிது.

10. காலண்டர் போடுவதென்றால் ஆடிப்பெருக்கை நினைவில் வையுங்கள். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் அன்றுதான் வெளியாகும். ஆடி, ஆவணியில் ஆர்டர் கொடுப்பவருக்கு நிதானமான வேலை கிடைக்கும். தீபாவளிக்குப் பிறகு போனால் நெருக்கடி. ஜனவரி 10-க்கு மேல் காலண்டரை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

11. சின்னப் பொருளைக் குறைவாக நினைக்காதீர்கள். டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்ட ஒரு சின்ன முத்திரை விற்று, காசநோயுள்ள குழந்தைகளுக்கு நிதி திரட்டலாம் என்று யோசித்தார். 1904-இல் அது விற்பனைக்கு வந்தது. நம் பள்ளிகளில் வாங்கிய காசநோய் முத்திரை அதன் வழிவந்ததுதான். டிசம்பர் 7 கொடி நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடியும் 1949 முதல் இதே வேலையைச் செய்கிறது. அதே 1949-இல் செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஜிட்கா, தன் ஊருக்கு உதவிய யுனிசெஃபுக்கு நன்றியாக ஓர் ஓவியம் அனுப்பினாள். பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி ஆடும் அந்தப் படமே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டை ஆயிற்று. இந்தியாவில் 1979-இல் ரிப்பன் கபூர் நண்பர்களோடு 50 ரூபாயில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய கிரை அமைப்பும் வாழ்த்து அட்டை விற்றே வளர்ந்தது. முத்திரையோ அட்டையோ, அடக்கம் மிகக் குறைவு, வீட்டில் இடத்தை அடைக்காது, அஞ்சலில் அனுப்பலாம். வீட்டளவில் தொடங்குகிறவர்கள் பொங்கல் வாழ்த்து அட்டையில் தொடங்கலாம்.

12. நிறுவனத்தின் பெயரைப் போடுமுன் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். எத்தனை பொருள், என்ன விலை, அதில் எவ்வளவு அவர்களுக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கக் கடிதம் போதும். ‘லாபத்தின் ஒரு பகுதி’ என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், ‘இந்தப் பையில் 60 ரூபாய் இன்ன நிறுவனத்துக்கு’ என்று சீட்டில் தொகையாகவே எழுதுங்கள்.

13. பணம் நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். க்யூஆர் கோடு அவர்களுடையதாக இருக்க வேண்டும். எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், தனி ஒருவரின் ஜிபே எண்ணில் ஊர்ப் பணம் சேர்ந்தால் பேச்சு கிளம்பும். விற்பனைக் காசிலிருந்தே அச்சுக்கூலி கொடுக்க வேண்டியிருந்தால் சங்கத்தின் பெயரில் இரண்டு பேர் கையெழுத்திடும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

14. 80ஜி ரசீது கேட்பவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். 100 ரூபாய் கொடுத்துப் பை வாங்கினால் அது விற்பனை, வருமான வரிச் சலுகை கிடையாது. பை வாங்கிய பிறகு தனியாக நன்கொடை கொடுத்தால் அதற்கு ரசீது உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு கிடைக்காது. ஆண்டுதோறும் பெரிய அளவில் விற்பதாக இருந்தால் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். அறக்கட்டளையின் வியாபார வருமானத்துக்குத் தனி விதிகள் உண்டு.

15. வெளிநாட்டுச் சொந்தங்கள் நன்கொடை அனுப்ப முன்வந்தால் அவர்களிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்தால் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக வழக்கம்போல அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில் மட்டுமே, அதை வாங்க முடியும்.

16. கணக்கைக் காட்டுங்கள். அடித்தது, விற்றது, மிச்சம், செலவு, கொடுத்தது என்று ஐந்து வரி. நிறுவனம் தந்த ரசீதின் படத்தோடு, வாங்கிய எல்லாருக்கும் ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

17. மிஞ்சிய பைகளைப் பரணில் போடாதீர்கள். பூச்சி அரிக்கும், மடிப்பில் பழுப்பேறும். தேதி அச்சடிக்காத பையாக இருந்தால் அடுத்த விசேஷத்துக்கு ஆகும் என்பதால், விற்பனைப் பைகளில் ஆண்டைப் போடாமல் இருப்பதே நல்லது. அப்படியும் தங்கிவிட்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பக்கத்து அரசுப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். புத்தகம் நோட்டு வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கு அன்றே உபயோகப்படும்.