இணையக் கடைக்கு வாடிக்கையாளர் திரும்ப வர: எந்த வழி யாருக்கு?

ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் இணைய வணிகம் பற்றி வகுப்பெடுக்கப் போகும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே கதையைக் கேட்கிறேன். ஜவுளி, மஞ்சள், செக்கெண்ணெய் என்று வீட்டில் ஏற்கெனவே வியாபாரம் இருக்கிறது. பிள்ளை அதற்கு ஒரு இணையதளம் தொடங்குகிறான். தீபாவளிக்கு ஆர்டர் குவிகிறது, பொங்கலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. "எதிர்த்த கடைக்காரர் மகன் ஆப் போட்டிருக்கிறான், நீயும் போடு" என்கிறார் அப்பா. வகுப்புத் தோழர்களும் அதையே சொல்கிறார்கள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கடன் வாங்கி ஆப் செய்யக் கொடுத்திருக்கிறான். இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

வாட்ஸ்ஆப், மின்னஞ்சல், பிரவுசர் நோட்டிஃபிகேஷன், தள்ளுபடிக் கூப்பன், சொந்த ஆப். வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இவற்றில் எது நமக்கு என்று கேட்பதற்கு முன், நம் பொருள் ஒரு வீட்டில் எத்தனை நாளில் தீரும் என்று கேட்க வேண்டும். கடலை எண்ணெய் சில வாரத்தில் தீர்ந்துவிடும். முகூர்த்தப் பட்டு வாங்கியவர் அடுத்த பட்டை நினைக்கவே ஓராண்டு ஆகலாம். எண்ணெய்க்காரருக்குத் தேவை நேரத்துக்கு ஒரு நினைவூட்டல். பட்டுக்காரருக்கோ, வாங்காத மாதங்களிலும் வந்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

எண்ணெய் போன்ற பொருளுக்கு வாட்ஸ்ஆப் போதும். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி இலவசம். ஆனால் அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், அவர்களும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவரை மக்கள் பிளாக் செய்துவிடுவார்கள். பாட்டில் தீரும் நேரத்தில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்.

பிரவுசர் நோட்டிஃபிகேஷனை விட்டுவிடலாம். தளத்துக்குள் நுழைந்ததும் அனுமதி கேட்கும் பெட்டியை யாரும் விரும்புவதில்லை. ஐபோனில் அந்த வசதி 2023இல்தான் வந்தது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும். தள்ளுபடி ஆடி மாதத்துக்கும் தேங்கிய சரக்குக்கும் சரி. மாதாமாதம் கொடுத்தால் வாடிக்கையாளர் முழு விலைக்கு வாங்குவதையே நிறுத்திவிட்டு அடுத்த கூப்பனுக்குக் காத்திருப்பார்.

இனி ஆப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2015 மே மாதம் ஆடை விற்பனை நிறுவனமான மிந்த்ரா தன் இணையதளத்தை மூடிவிட்டு, இனி ஆப் மட்டும்தான் என்று அறிவித்தது. பின்னால் ஃபிளிப்கார்ட்டின் பணமும், நாடு முழுக்க விளம்பரமும் இருந்தன. அப்படியிருந்தும் 2016 தொடக்கத்தில் மொபைல் தளத்தையும் அந்த ஜூனில் கணினித் தளத்தையும் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே முடியாததை, ஒரு மாதத்தில் சில நூறு ஆர்டர் பார்க்கும் கடை எப்படிச் சாதிக்கும்?

செலவு ஆப் செய்வதோடு முடிவதில்லை. கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். அது சின்னத் தொகை. இப்போது தனிநபர் பெயரில் புதிதாகப் பிளே கணக்குத் தொடங்குபவர் 12 பேரையாவது சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே ஆப்பை வெளியிட முடியும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப ஆப்பை அவ்வப்போது மாற்றிக் கொடுக்கவும் வேண்டும். செய்து கொடுத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் அனுப்பக்கூட வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்துக்கு ஒரு சேலை வாங்கும் பெண் அதற்காக ஏன் போனில் இடம் ஒதுக்க வேண்டும்? ஏற்கெனவே அடிக்கடி வருகிறவர்களுக்கு ஆப் வசதி. வராதவர்களை அது வரவழைக்காது. பால், காய்கறி என்று வாரத்தில் பலமுறை ஆர்டர் வாங்கும் கடை என்றால் யோசிக்கலாம்.

நான் பழைய தமிழ்ப் புத்தகங்கள் விற்கும் தளம் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில், பட்டு போல எப்போதாவது வாங்கும் பொருள் என்றால் மின்னஞ்சலுக்குத்தான் என் ஓட்டு. புதிதாக வந்த புத்தகங்களைப் பற்றி வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன்: இது எந்தப் பதிப்பு, அட்டை எப்படி இருக்கிறது, முதல் பக்கத்தில் யாராவது மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று. வாங்காதவர்களும் அதைப் படிக்கிறார்கள்; பிறகு ஒருநாள் வாங்குகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலில் இப்படி அனுப்பும் கடிதங்களுக்கு விதிகள் கடுமை. கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். பதிவு உங்கள் டொமைனுக்கு இருந்தாக வேண்டும். நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். சிறிய கடையும் அதைத் தருவதே மரியாதை.

தளத்தையும் கவனியுங்கள். எண்ணெய் விற்கும் ஒரு மாணவியின் தளத்தில் போன் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டதும் "கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர்" என்று போன ஆர்டர் வந்து நிற்கும். கீழே "இதையே அனுப்பு" என்று ஒரு பட்டன். அவ்வளவுதான், வேறு எதையும் தேட வேண்டாம். விற்றுப்போன சேலையின் பக்கத்தையும் நீக்காதீர்கள். "இதுபோல் வந்தால் சொல்லவா?" என்று கேட்டு போன் எண்ணை வாங்கி வையுங்கள், வந்ததும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் கைக்கு எது வரும் என்று பாருங்கள். எழுத வருகிறவர் கடிதம் எழுதட்டும். பேச வருகிறவர் தறியின் முன் நின்று வீடியோ எடுக்கட்டும். கணக்கில் கெட்டிக்காரர் யாருக்கு எப்போது எண்ணெய் தீரும் என்று பட்டியல் போடட்டும். எதை எடுத்தாலும் ஆறு மாதமாவது விடாமல் செய்யுங்கள்; மூன்றாம் வாரமே இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். மாதக் கடைசியில் மொத்த வருகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தை மாதக் கணக்கை ஐப்பசியோடு ஒப்பிடாமல் போன தையோடு ஒப்பிடுங்கள். பட்டு விற்பவர் அதற்கு முழுதாக ஓராண்டு பொறுத்துத்தான் ஆக வேண்டும்.